பதில் கொடி

பதினாறாம் பிராயத்தில் பையனாகக் கடற்படையில் சேர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் உத்தியோகம் பார்த்து, கமாண்டர் பதவியோடு ஓய்வு பெற்றவன் என்று தெரிந்தவுடன், ஊரிலும் ரயிலிலும் சந்திக்கிறவர்கள் முதலில் என்னிடம் கேட்பது புயலைப் பற்றி. அடுத்தபடியாக யுத்தத்தைப் பற்றி. இரண்டையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு போர்க்கப்பலின் ஜீவன் எதில் இருக்கிறது என்று யாராவது கேட்டால், கீழே நிற்கிறவன் தான் கண்டதை அஞ்சாமல் மேலே சொல்வதிலும், மேலே நிற்கிறவன் அதைக் காது கொடுத்துக் கேட்பதிலுமே இருக்கிறது என்றுதான் சொல்வேன். மாலுமிகள் உண்டு உறங்கும் மெஸ்டெக்கில் ஹாமக் என்ற தொங்குபடுக்கை கட்டித் தூங்கியவனாகவும், பிற்காலத்தில் கப்பலைச் செலுத்தும் இடமான பிரிட்ஜில் நின்று உத்தரவு கொடுத்தவனாகவும், பதவி ஏணியின் இரு முனைகளிலும் நின்று பார்க்கும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது. ஆகையால் இந்த விஷயத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது தனுஷ்கோடியில். சென்னையிலிருந்து வரும் போட் மெயில் ரயில், கப்பல்துறையான பியர் வரைக்கும் வந்து நிற்கும். அதிலிருந்து இறங்கும் பிரயாணிகளை ‘இர்வின்’ அல்லது ‘கோஷன்’ என்ற நீராவிக் கப்பல் தலைமன்னாருக்கு ஏற்றிச் செல்லும். ரயிலுக்கும் கப்பலுக்கும் இடையிலிருந்த அந்தச் சிறிது தூரத்தில் மூட்டை சுமந்து என் தகப்பனார் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றினார். தாயார் கருவாடு உலர்த்தி விற்றாள். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க வைக்க வழியில்லாதிருந்த சமயத்தில், கடற்படைக்குப் பையன்களை எடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் கண்ட எங்கள் வாத்தியார், தம் கைக்காசைப் போட்டு என்னைச் சென்னைக்கு அழைத்துப் போனார். கணக்கும் ஆங்கில டிக்டேஷனும் வைத்தார்கள், மார்பை அளந்தார்கள், வர்ணப் புள்ளிகள் நிறைந்த புத்தகமொன்றைத் திறந்து, புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களைப் படிக்கச் சொன்னார்கள். தேசத்தின் கடலைக் காக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் பின்னால் வந்தது. அன்றைக்கு என் மனத்தில் இருந்தவை மூன்று வேளைச் சாப்பாடும், மாதா மாதம் வீட்டுக்கு அனுப்பக்கூடிய மணியார்டரும்தான். என்னோடு சேர்ந்த பையன்களில் பெரும்பாலோர் அதே காரணத்துக்காக வந்தவர்கள். அவர்களில் பலர் பின்னாளில் உயிரைத் துச்சமாக மதித்து வேலை செய்ததைக் கண்டவன் ஆகையால், அந்தக் காரணத்தை நான் ஒருநாளும் தாழ்வாக எண்ணியதில்லை. 1964 டிசம்பர்ப் புயலில் எங்கள் ஊரும் பியரும் ரயில் பாதையும் அழிந்துபோயின. அதற்குள் பெற்றோரை மண்டபத்துக்குக் குடிபெயர்த்திருந்தேன். மணியார்டர் செய்த பெரிய உபகாரம் அதுவே.

பையன்களுக்கான பயிற்சி அப்போது விசாகப்பட்டினத்தில், ‘சர்க்கார்ஸ்’ என்ற தளத்தில் நடந்தது. ஓட்டமும் கவாத்தும் எல்லாருக்கும் பொது. அதன் பிறகு ஒவ்வொருவனுக்கும் ஒரு பிரிவு. என் கண்பார்வையும் எழுத்துக்கூட்டும் திறமையும் நன்றாயிருந்தபடியால் என்னை சிக்னல் பிரிவில் போட்டார்கள். கொடி, செமஃபோர், விளக்கு, மோர்ஸ் இவற்றையெல்லாம் இரவும் பகலும் பழகினோம். சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் வரிசையில்கூட முன்னால் நிற்பவன் முதுகில் விரலால் மோர்ஸ் தட்டுவோம். அந்தப் பாடங்கள் எல்லாவற்றிலும் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது பதில் கொடியைப் பற்றியதுதான். சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக உள்ள நீண்ட கொடி அது. தலைமைக் கப்பல் ஒரு சிக்னலை ஏற்றினால், மற்றக் கப்பல்கள் உடனே தத்தம் பதில் கொடியைப் பாதி உயரத்துக்கு ஏற்ற வேண்டும். ‘உன் கொடியைக் கண்டுவிட்டேன்’ என்பது அதன் பொருள். பிறகு சிக்னல் புத்தகத்தைப் புரட்டி, அர்த்தத்தைக் கண்டுபிடித்து, அதிகாரியிடம் சொல்லி, அவர் தலையசைத்த பிறகுதான் அந்தக் கொடியை உச்சி வரை ஏற்றலாம். ‘புரிந்துகொண்டேன்’ என்று அப்போதுதான் ஆகும். எல்லாக் கப்பல்களின் பதில் கொடியும் உச்சியில் நிற்பதைக் கண்ட பின், தலைமைக் கப்பல் தன் சிக்னலை இறக்கும். அது இறங்குகிற கணமே உத்தரவு நிறைவேற வேண்டிய கணம். அரைக் கம்பத்தில் நிற்கும் கொடியை அவசரப்பட்டு உச்சிக்கு ஏற்றிவிட்ட பையனை, சூரியன் உச்சியில் இருக்கும் வேளையில், தலைக்கு மேல் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தபடி மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார்கள். காண்பதற்கும் புரிந்துகொள்வதற்கும் நடுவே உள்ள தூரத்தை அப்படித்தான் எங்களுக்குக் கற்பித்தார்கள்.

நான் முதலில் ஏறிய பெரிய கப்பல் ‘டெல்லி’. 1948-இல் பிரிட்டனிடமிருந்து வாங்கிய குரூஸர் அது. அதற்குமுன் ‘அக்கிலீஸ்’ என்ற பெயரோடு, 1939 டிசம்பரில் தென்னமெரிக்காவின் பிளேட் நதி முகத்துவாரத்தருகே ஜெர்மானியரின் ‘கிராஃப் ஸ்பீ’யோடு பொருதியது. ஆறங்குலப் பீரங்கிகளைக் கொண்ட அந்த இரும்புக் கோட்டையின் கீழ்த்தளத்தில் எங்கள் மெஸ்டெக் இருந்தது. இரவில் ஹாமக்குகள் நெருக்கமாகத் தொங்கும். கப்பல் புரளும்போது அத்தனையும் ஒரே சீராக ஆடும். விடியற்காலையில் அவற்றை ஏழு சுற்றுக் கயிறு போட்டுக் கட்டி அடுக்கிவிட்டு, அதே இடத்தில் மேஜை போட்டுச் சாப்பிடுவோம். ரத்னகிரி மராத்தியரும், மலையாளிகளும், பஞ்சாபியரும், எங்களைப் போன்ற தமிழரும் கலந்திருந்த இடம். உத்தரவு ஆங்கிலத்தில், சண்டையும் சமாதானமும் ஹிந்துஸ்தானியில்.

அங்கே எங்கள் யோமன், அதாவது சிக்னல் பிரிவின் மூத்த மாலுமி, ரத்னகிரிக்காரர். இளவயதில் பம்பாயில் ‘தல்வார்’ என்ற சிக்னல் பள்ளியில் பயின்றவர். 1946 பிப்ரவரி 18-ஆம் தேதி மாலுமிகளின் வேலைநிறுத்தம் தொடங்கிய இடத்திலேயே இருந்தவர். நடு இரவுக் காவல் முறையான வாட்சில் கோக்கோ குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் அதைப் பற்றிச் சொல்வார். பருப்பில் கல், ரொட்டியில் புழு, மேலதிகாரிகளின் வாயில் கேவலமான வசவு, சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள், சொன்னதைக் கேட்பாரில்லை. கடைசியில் சாப்பிட மறுத்தார்கள். சில தினங்களுக்குள் அது எழுபதுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கும், கராச்சி முதலிய துறைமுகங்களுக்கும் பரவி, சுமார் 20,000 மாலுமிகள் அதில் சேர்ந்துகொண்டார்கள். படேல் போன்ற தலைவர்களின் புத்திமதியைக் கேட்டு அடங்கினார்கள். பிறகு நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். சுதந்திரத்துக்காக நடந்த கிளர்ச்சி என்று சரித்திரம் அதைச் சொல்கிறது, அது உண்மைதான். ஆனால் எங்கள் யோமன் ஒரு தடவைகூட அந்தப் பெரிய வார்த்தைகளைச் சொன்னதில்லை. “தம்பி, பருப்புத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினோம். அதிகாரி தட்டைப் பார்க்கவில்லை, எங்கள் முகத்தைப் பார்த்தார்” என்பார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அதற்கு மேல் கேட்டாலும் கோக்கோ கோப்பையைக் கழுவப் போய்விடுவார்.

கீழ்த்தளத்து மாலுமிகளில் தகுதியுள்ள இளைஞர் சிலரைப் பொறுக்கி அதிகாரிகளாக்கும் வழக்கம் கடற்படையில் உண்டு. அந்த யோமனும், எங்கள் டிவிஷன் அதிகாரியும் என் பெயரை எழுதி அனுப்பினார்கள். தேர்வு வாரியத்தில் கயிறும் பலகையும் கொடுத்துப் பள்ளத்தைத் தாண்டச் சொன்னார்கள். படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொன்னார்கள். கல்லூரியில் படித்த பையன்களோடு உட்கார்ந்து தர்க்கம் பண்ணச் சொன்னார்கள். நான் அதிகம் பேசவில்லை. மற்றவர்கள் பேசியதை மட்டும் சரியாகத் திருப்பிச் சொல்லி, அதன்மேல் என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். சிக்னல்காரனின் பழக்கம் அது. தேறிவிட்டேன்.

அதிகாரிகளின் உணவறையான வார்ட்ரூமில் முள்ளும் கரண்டியும் பழகுவது பிரமாதமான காரியமல்ல. ஒரு வாரத்தில் வந்துவிடும். கஷ்டமாக இருந்தது வேறொன்று. நேற்று வரை என் தோளில் கை போட்டுப் பேசிய தமிழ்ப் பையன்கள், “அண்ணே” என்று கூப்பிட்டவர்கள், தோளில் பட்டை ஏறியதும் “ஸார்” என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார்கள். ஒழுங்குக்கு அது அவசியந்தான். ஆனால் அந்த மௌனத்தோடு, கப்பலில் என்ன நடக்கிறது என்ற விஷயமும் எனக்கு எட்டாமற்போயிற்று. மெஸ்டெக்கில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிற சங்கதி ஏணியில் ஏற ஏற இளைத்து, காப்டனிடம் போய்ச் சேரும்போது “எல்லாம் சரியாயிருக்கிறது, ஸார்” என்ற ஒரே வாக்கியமாக முடிந்துவிடுகிறது. இதை நான் எத்தனையோ கப்பல்களில் பார்த்திருக்கிறேன்.

உத்தரவு கீழே போகும் வழி மட்டும் மிகவும் ஜாக்கிரதையாக அமைக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்து டிஸ்ட்ராயர்களில் சுக்கான் பிடிக்கும் குவார்ட்டர் மாஸ்டர் பிரிட்ஜில் நிற்பதில்லை. அதற்குக் கீழே மூடிய அறையில், கடலையே பார்க்க முடியாத இடத்தில், முன்னாலுள்ள கைரோ திசைகாட்டியின் முகப்பைப் பார்த்தபடி நிற்பான். அவனுக்கும் எங்களுக்கும் இடையே ஒரு பித்தளைக் குழாய். அதன் வாய், மாலுமிகள் தினமும் பிராஸோ போட்டுத் தேய்த்துத் தேய்த்து, விளிம்பு மழுங்கிப் பளபளவென்றிருக்கும். குனிந்து பேசும்போது பித்தளையின் வாடையும், கீழேயிருந்து வரும் உஷ்ணமான எண்ணெய்க் காற்றும் முகத்தில் அடிக்கும். இடப்பக்கம் பத்து டிகிரி என்பதற்கு “போர்ட் டென்” என்று நான் சொன்னால், “போர்ட் டென், ஸார்” என்று அவன் முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். சுக்கான் அந்த அளவுக்குத் திரும்பிய பின், “டென் ஆஃப் போர்ட் வீல் ஆன், ஸார்” என்று மறுபடியும் சொல்ல வேண்டும். கடலைக் காணாத மனிதன் ஆயிரக்கணக்கான டன் இரும்பை வெறும் சொல்லை நம்பித் திருப்புகிறான். மேலிருந்து கீழே போகும் சொல்லுக்கு இவ்வளவு பந்தோபஸ்து செய்த கடற்படை, கீழிருந்து மேலே வரும் சொல்லை அந்தந்த அதிகாரியின் சுபாவத்துக்கு விட்டுவிட்டது.

வங்காள விரிகுடாவில் ஓர் இரவு. விடிவதற்கு முன்னான வாட்ச் என்னுடையது. ரேடார் திரையில் அலைகளின் சிதறல். அதில் ஒன்றும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இடப்பக்கத்தைக் கண்காணிக்கும் லுக்அவுட் புதிதாகச் சேர்ந்த பையன். இடப்பக்கம் இருபது டிகிரி என்ற பொருளில் “ரெட் டூ ஸீரோ…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். என்ன என்றேன். “ஒன்றுமில்லை ஸார், ஒரு வெளிச்சம் மாதிரி இருந்தது, போய்விட்டது” என்றான். அவன் குரலில் இருந்தது சந்தேகமல்ல, பயம். இல்லாததைச் சொல்லித் திட்டு வாங்கியவனின் குரல். கடற்கரையில் பிறந்தவனுக்கு அந்த நேரத்தில் அந்த ஆழத்தில் என்ன இருக்கும் என்று தெரியும். அக்காலத்துக் கட்டுமரக்காரர்கள் விளக்கை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்வதில்லை. பெரிய கப்பல் நேரே வருவதைக் கண்டால் துணியைச் சுருட்டிக் கொளுத்தியோ, அரிக்கேன் விளக்கைச் சாக்குக்கு அடியிலிருந்து எடுத்தோ ஒரு கணம் தூக்கிக் காட்டுவார்கள். காற்று அதை அணைத்துவிடும். குழாயில் குனிந்து வலப்பக்கம் திருப்பச் சொன்னேன். சற்று நேரத்தில் எங்கள் இடப்பக்கமாக, கூப்பிடு தூரத்தில், வரிசையாகக் கட்டுமரங்கள் நழுவிப் போயின. நனைந்த கோவணத்தோடு எழுந்து நின்ற ஒரு கிழவர் எங்களைப் பார்த்துத் துடுப்பை ஆட்டினார். வாட்ச் முடிந்ததும் அந்தப் பையனைக் கூப்பிட்டு, அவன் பார்த்ததையும் சொன்ன நேரத்தையும் கப்பலின் பதிவுப் புத்தகத்தில் நானே எழுதியதை அவனுக்குக் காட்டினேன். அதற்குப் பிறகு அவன் தயங்கியதில்லை. மிதக்கும் பெட்டியையும் கடற்பசுவையும்கூட உரக்கச் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் “கண்டேன்” என்று பதில் சொன்னேன்.

1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு யுத்தம் மூண்டபோது, நான் விசாகப்பட்டினத்தில், கிழக்குக் கடற்படைத் தலைமையகத்தின் சிக்னல் நிலையத்தில் இருந்தேன். தலைமைத் தளபதியாயிருந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர். ‘விக்ராந்த்’ விமானந்தாங்கிக் கப்பலைத் தேடிப் பாகிஸ்தானின் ‘காஜி’ என்ற நீர்மூழ்கி வரும் என்று கண்டு, ‘விக்ராந்தை’ அந்தமானில் ஒளித்துவைத்துவிட்டு, பழைய டிஸ்ட்ராயரான ‘ராஜ்புத்’ விசாகப்பட்டினத்துக்கு அருகில் ‘விக்ராந்த்’ போலவே நடிக்கும்படி செய்தார். இந்த நடிப்பு முழுவதும் சிக்னலில் நடந்தது என்பதை இத்தொழிலில் இருந்தவர்களே நன்றாக உணர முடியும். ஒரு கப்பல் பெரியதா சிறியதா என்பதை அதன் வயர்லெஸில் புறப்படும் செய்திகளின் பெருக்கத்தைக் கொண்டே எதிரி ஊகிப்பான். ஆகவே சின்னக் கப்பலிலிருந்து பெரிய கப்பலின் அளவுக்குச் செய்திகள் புறப்பட்டன. கப்பலிலிருக்கும் மாலுமி ஒருவன் சாகக் கிடக்கும் தன் தாயைப் பற்றி விசாரிப்பதுபோல் மறைமொழியில்லாத தந்தி ஒன்றும் அனுப்பப்பட்டது. உண்மையான ‘விக்ராந்த்’ வாய் திறக்கவில்லை. பேசுவதைவிட மௌனமாயிருப்பது சிக்னல்காரனுக்கு எவ்வளவு கடினம் என்பதை அந்த நாட்களில்தான் அறிந்தேன்.

டிசம்பர் 3-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டித் துறைமுகத்திலிருந்து வெளிப்பட்ட ‘ராஜ்புத்’ ஆழ்வெடிகளை வீசியது. பிறகு கரையிலிருந்தவர்கள் கேட்கும்படி ஒரு பெரிய வெடிச்சத்தம். ‘காஜி’ எதனால் மூழ்கியது என்பதில் இரு தேசத்தாரும் இன்றுவரை ஒன்றுபடவில்லை. ஆனால் அது மூழ்கியது என்ற செய்தியை எங்களுக்கு முதலில் கொண்டுவந்தவர்கள் மீனவர்கள். எண்ணெய் மிதக்கிறது, சாமான்கள் மிதக்கின்றன என்று சொல்லி, மிதந்த பொருள்களையும் எடுத்து வந்து கொடுத்தார்கள். அந்தத் தளத்தின் வாயிற்படியில் ஈர உடம்போடு நின்ற ஏழைகளை, “அப்புறம் வா” என்று ஒரு காவலாள் விரட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. எதிரியானாலும் அந்த நீர்மூழ்கியில் இருந்த அத்தனை பேரும் எங்களைப் போல் கடலை நம்பிப் பிழைத்தவர்களே. ஐந்தே நாட்களுக்குப் பிறகு, டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் எங்கள் போர்க்கப்பல் ‘குக்ரி’ மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். காப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலை விட்டு இறங்க மறுத்து அதனோடு போனார். அந்தப் பெயர்ப் பட்டியல் சிக்னலாக வந்துகொண்டிருந்தபோது, என்னோடு விசாகப்பட்டினத்தில் முதுகில் மோர்ஸ் தட்டியவர்களின் பெயர்களையும் அதில் படித்தேன்.

யுத்தத்துக்கு முன்பே தொடங்கிய ஒரு மாறுதல் அதற்குப் பின் வேகமாயிற்று. பிரிட்டிஷ் கப்பல்கள் கிழடாகிப்போக, சோவியத் கப்பல்கள் வரத் தொடங்கின; 1972-இல் பம்பாய் மஸகான் டாக்கில் கட்டிய ‘நீலகிரி’யும் சேர்ந்தது. சோவியத் கப்பலில் முதன்முதல் கால் வைத்தபோது, ஒவ்வொரு திருகும், ஒவ்வொரு பொத்தானும், ஒவ்வொரு அபாய அறிவிப்பும் ருஷ்ய எழுத்தில் இருந்தன. எங்கள் சீஃப்கள் என்ற மூத்த மாலுமிகள் பழைய காலண்டர் அட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஆங்கிலத்தில் எழுதி, கோந்து போட்டு ஒட்டினார்கள், என்ஜின் அறையின் வியர்வையில் கோந்து இளகி அட்டை விழும், மறுபடியும் ஒட்டுவார்கள். மூன்றாம் முறை விழுந்தபோது எழுத்தே தேவையில்லாதபடி அவர்களுக்குப் பாடமாகிவிட்டிருந்தது. ஹாமக் போய்ப் படுக்கைத் தட்டுகள் வந்தன. செமஃபோர் மறைந்தது. திறந்த பிரிட்ஜ் மூடிய அறையாகி, சுக்கான் பிடிப்பவன் அதிகாரிக்குப் பக்கத்திலேயே நின்று கடலைப் பார்த்தான். பித்தளைக் குழாய்க்கு வேலையில்லாமற்போயிற்று. 1980-இல் ஒரிஸாவின் சில்கா ஏரிக்கரையில் மாலுமிகளுக்குப் பெரிய பயிற்சித் தளம் ஏற்பட்டது. அங்கிருந்து வந்தவர்கள் எங்களைவிட அதிகம் படித்தவர்கள், காரணம் கேட்கிறவர்கள். காரணம் கேட்பதை ஒழுங்கீனம் என்று என் தோழர்கள் சிலர் கருதினார்கள். எனக்கு அது பெரும் பாக்கியமாகவே பட்டது.

எனக்கென்று ஒரு கப்பல் கிடைத்தது. காந்தக் கண்ணிகள் கண்டுகொள்ளாதிருப்பதற்காக மரத்தால் உடல் அமைத்த, கண்ணிகளை அகற்றும் சின்ன மைன்ஸ்வீப்பர். அதில் நான் அமைத்துக்கொண்ட ஒரே பிரத்தியேகமான வழக்கம் சாப்பாட்டைப் பற்றியது. சாப்பாட்டு வேளையில் அதிகாரி வந்து ருசி பார்த்து, குறை ஏதாவது உண்டா என்று கேட்பது கடற்படையின் பழைய சம்பிரதாயம். பெரும்பாலும் அது சடங்காகவே நடக்கும். சமையற்காரர் அதிகாரிக்கென்று மேலாக எடுத்துவைத்த கிண்ணத்தில் கரண்டியை நனைத்துவிட்டுப் போய்விடுவார்கள். குறை உண்டா என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. நான் எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்குப் போய், எச்சில் தொட்டியின் பக்கத்தில் நிற்பேன். சோறு மிஞ்சி விழுகிறதா, பருப்பு விழுகிறதா, ரொட்டி விழுகிறதா என்று அங்கே தெரிந்துவிடும். ஒரு தடவை ரொட்டி அப்படியே முழுசு முழுசாக விழுந்தது. மாவு மூட்டையை அவிழ்க்கச் சொன்னேன், வண்டு. கரையிலிருந்து வந்த சரக்கை அன்றைக்கே திருப்பியனுப்பினேன். அதற்காக எனக்கு வந்த கடிதங்களும், நான் எழுதிய பதில்களும் ஒரு கோப்பு நிறைய இருந்தன. மறுநாள் காலை, அதுவரை என் முகத்தை ஏறிட்டுப் பார்க்காத ஓர் இயந்திரப் பிரிவு மாலுமி வந்து, “பம்ப்பில் ஒரு சத்தம் வருகிறது ஸார், சீஃப்பிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை” என்றான். பம்ப்பைக் கழற்றிப் பார்த்தோம், தண்டில் விரிசல்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, முன்பு என்னிடம் பயின்ற ஒருவர் திருநெல்வேலிச் சீமையில், விஜயநாராயணத்திலுள்ள ‘கட்டபொம்மன்’ என்ற கடற்படை வயர்லெஸ் நிலையத்தைப் பற்றி என்னோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். 1990-இல் தொடங்கிய நிலையம் அது. வானளாவிய கோபுரங்களிலிருந்து புறப்படும் மிக நீண்ட அலைகள், கடல்நீருக்குள் புகுந்து, மூழ்கியிருக்கும் நீர்மூழ்கியைச் சென்றடைகின்றன. ஆனால் மூழ்கியிருப்பவன் அதே வழியில் பதில் அனுப்ப முடியாது; வாயைத் திறந்தால் தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுவான். கண்டேன் என்றும் சொல்ல மாட்டான், புரிந்துகொண்டேன் என்றும் சொல்ல மாட்டான். பதில் கொடியிலேயே வளர்ந்த எனக்கு அது மனத்துக்கு ஒப்பவில்லை. கேட்டானா என்று எப்படித் தெரியும் என்றேன். செய்திகளுக்குத் தொடர் எண் உண்டு, குறித்த நேரங்களில் திரும்பத் திரும்ப அனுப்புகிறோம், நடுவில் ஒரு எண் தவறியிருந்தால் மேலே வரும்போது அவன் கேட்டு வாங்கிக்கொள்வான் என்று அவர் விளக்கினார். அப்படிக் கேட்பதற்குக் கூசாத மாலுமியை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். அதைப் பற்றித்தான் அன்றைய மாலை முழுவதும் பேசினோம்.